கிராஃப்டிங்கும் ரிசர்ச்சும் சலிக்காமல் ஓட: ஆன்லைன் கேம் சர்வர் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் கூட்டாளிகள் சேர்ந்து சொந்தமாக சர்வர் ஓட்டுகிறவர்களுக்கும், கேம் எழுதப் பழகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது. உதாரணத்துக்கு நெல்லைச் சீமையையே ஒரு மேப்பாக வைத்துக்கொண்டோம்: மேற்கே பாபநாசம் மலை, நடுவே தாமிரபரணிக் கரையில் பத்தமடைக் கோரை, கடலோரம் உடன்குடித் தேரிப் பனை. கிராஃப்டிங் என்றால் மூலப்பொருள்களைச் சேர்த்துப் புதுப் பொருள் செய்வது, ரெசிபி அதற்கான செய்முறை, ரிசர்ச் என்றால் புள்ளி செலவழித்துப் புது வழிகளைத் திறப்பது. ரெசிபி அளவுகள் கேமுக்காகப் போட்டவை. அந்தக் கணக்கில் நிஜப் பாய் நெய்ய முடியாது. ஒரே நேரத்தில் 50 பேர் ஆடும் சின்ன சர்வரை மனதில் வைத்துத்தான் எல்லா எண்களும்.

ரெசிபி 300-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் கிராஃப்டிங் போரடிக்கிறது என்கிறார்கள். இன்னும் சேர்க்கவா?

வேண்டாம். இருப்பதில் பத்தை எடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இதைச் செய்யும்போது விவரமான இரண்டு பிளேயர்கள் வேறு வேறு முடிவு எடுக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இடம் இல்லையென்றால் அது வெறும் பலசரக்குக் கடைச் சீட்டு. சீட்டு எவ்வளவு நீண்டாலும் அதில் விளையாட ஒன்றுமில்லை.

பனையைப் பாருங்கள். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் அதே, கலயம் அதே, ஏறி இறங்கும் பாடும் அதே. இதை அப்படியே ரெசிபி ஆக்கலாம். கலயம் 1 கட்டாயம், சுண்ணாம்பு 1 இஷ்டம். சுண்ணாம்பு போட்டால் 4 பதநீர். அதை விறகு 3 வைத்துக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் 1 கருப்பட்டி. போடாவிட்டால் 4 கள். பதநீரையும் கேம் நேரத்தில் காலை 6 மணிக்கு மேல் மரத்திலேயே விட்டால் பாதி கெடட்டும். ஆக, சுண்ணாம்பைச் சுமந்து போவதா, எப்போது இறக்குவது, விறகைச் செலவழித்துக் காய்ச்சுவதா பதநீராகவே விற்பதா என்று மூன்று முடிவுகள் ஒரே ரெசிபியில் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்: கள்ளுக்கு விலை கூடுதல், ஆனால் பொதுச் சந்தையில் போட முடியாது, ஆளுக்கு ஆள் கைமாற்றித்தான் விற்க வேண்டும்.

2003-இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் இதை வேறு வழியில் செய்தது. அங்கே மூலப்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தர எண்கள் உண்டு. ஓர் இடத்தில் சில காலம் மட்டும் கிடைத்து மறைந்துவிடும். நல்ல உலோகம் கிடைத்த வாரத்தில் சேர்த்து வைத்தவர் பிறகு மாதக்கணக்கில் பேர் வாங்கினார். கேம் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் கிராஃப்டிங்கைப் பற்றி மட்டும் இன்னும் பேசுகிறார்கள்.

ஒரு பொருளுக்கு எத்தனை படி வைக்கலாம்?

மூன்று. மிஞ்சிப்போனால் நான்கு. ஒவ்வொரு படியிலும் கீழ்ப்பொருள் 3 கேட்டால், நான்கு படிக்கு 81 மூலப்பொருள், ஐந்து படிக்கு 243. பையின் ஒரு கட்டத்தில் 99 அடுக்கலாம் என்றால் 243-க்கு மூன்று கட்டங்கள் போய்விடும். அப்புறம் அவர் கிராஃப்டிங் செய்யவில்லை, பையைத்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார்.

படிகளைக் குறைக்க ஒரு வழி: நடுவில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காத படிகளை ஒன்றாக்கிவிடுங்கள். கோரையை வெட்டி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, கிழித்து, சாயம் ஏற்றி, நூல் பாவில் நெய்வது என்று நிஜத்தில் வேலை நீளம். கேமில் ஊறப்போடுவதும் காயவைப்பதும் ஒரே படியாகட்டும். கிழிப்பதை மட்டும் தனியாக வையுங்கள், ஏனென்றால் அங்கேதான் வழி பிரிகிறது: தடிமனாகக் கிழித்தால் சீக்கிரம் முடியும் சாதாப் பாய், இழை இழையாகக் கிழித்தால் பட்டுப் பாய்.

பொருளின் தரத்தை 0 முதல் 100 வரை வைத்தோம். பை நிறைந்துவிடுகிறது என்று புகார்.

தரம் 71 கோரையும் தரம் 72 கோரையும் ஒன்றோடொன்று அடுக்காது. நூறு கோரை வெட்டினால் முப்பது நாற்பது கட்டங்கள் போய்விடும், டேட்டாபேஸிலும் அத்தனை வரிசை. தரத்தை 3 படியாகக் குறையுங்கள் (1 மட்டம், 3 உயர்வு). பெரிய சர்வர் என்றால் 5.

வெளிவரும் பொருளின் தரத்தைச் சராசரியில் கணக்கிடுங்கள். 10 கோரையில் 6 மூன்றாம் தரம், 4 முதல் தரம் என்றால் சராசரி 2.2. இதைக் கீழே இறக்கி 2 என்று முடித்தால் கூடுதலாகப் போட்ட நல்ல கோரை வீண் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்; எல்லோரும் சரியாக எல்லைக்கோட்டுக்குத் தேவையான அளவு மட்டுமே போடுவார்கள். இரண்டாம் தரம் உறுதி, மூன்றாம் தரம் வர 20 சதவீத வாய்ப்பு என்று வைத்தால் ஒவ்வொரு நல்ல கோரைக்கும் மதிப்பு இருக்கும்.

வாய்ப்பு 20 சதவீதம் என்று எழுதியிருக்கிறோம். பத்துத் தடவை தோற்றவர் சர்வர் ஏமாற்றுகிறது என்கிறார்.

ஏமாற்றவில்லை, அதுதான் 20 சதவீதம். பத்து முறையும் தோற்க வாய்ப்பு 0.8-இன் பத்தாம் அடுக்கு, அதாவது 10.7 சதவீதம். 50 பேர் ஆளுக்குப் பத்து முயன்றால் ஐந்து பேருக்கு ஒன்றுமே கிடைக்காது. அந்த ஐந்து பேர் போடும் சத்தம்தான் சாட்டில் கேட்கும். கணக்குச் சொல்லிச் சமாதானம் செய்ய முடியாது, முறையை மாற்றுங்கள்.

வார்கிராஃப்ட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமில் உள்ள வழி நன்றாக வேலை செய்கிறது. 20 சதவீதம் என்று வெளியே காட்டுவதற்கு, முதல் முயற்சியில் உள்ளே 5.57 சதவீதம் மட்டும் வைக்கிறார்கள். தோற்கும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு 5.57 கூடும், ஜெயித்ததும் பழைய இடத்துக்கு வரும். நீண்ட கணக்கில் சராசரி அதே 20 சதவீதம்தான், ஆனால் தொடர்ந்து இருபது தடவை தோற்பது நடக்கவே நடக்காது. 25 சதவீதத்துக்கு 8.47, 10 சதவீதத்துக்கு 1.48 என்று வையுங்கள்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. தோல்வி எண்ணிக்கையை நினைவகத்தில் மட்டும் வைத்தால் சர்வர் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும், டேட்டாபேஸில் எழுதுங்கள். எல்லா ரெசிபிக்கும் ஒரே எண்ணிக்கை வைத்தால், மலிவான பானையில் தோல்விகளைச் சேர்த்துவிட்டு அடுத்த முயற்சியை விலையுயர்ந்த பொருளில் போடுவார்கள். ஆளுக்கும் ரெசிபிக்கும் சேர்த்துத் தனி எண்ணிக்கை வேண்டும்.

தோற்றால் பாதி மூலப்பொருளாவது திரும்பட்டும். முழுவதும் எரிவது எங்கள் கண்ணுக்கு வெறும் சூதாட்டம்.

நெட் விட்டு விட்டு வரும்போது ஒரு தடவை அமுக்கினால் இரண்டு பாய் வருகிறது. எப்படித் தடுப்பது?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். பொருள் இரட்டிப்பாகும் ஓட்டை ஒரு ராத்திரி திறந்திருந்தால் போதும், சந்தை சரியாக மாதக்கணக்காகும்.

போன் டேட்டாவில் ஆடுகிறவர் பொத்தானை அமுக்குகிறார். கோரிக்கை சர்வருக்குப் போய்ப் பாயும் செய்யப்பட்டுவிட்டது. பதில் மட்டும் வழியில் தொலைந்தது. ஆப் தானாக மறுபடி அனுப்புகிறது. சர்வருக்கு அது புதுக் கோரிக்கை மாதிரி தெரிகிறது. தீர்வு இப்படி:

1. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஆப் ஓர் அடையாள எண் உண்டாக்கட்டும். மறுபடி அனுப்பும்போது அதே எண்ணைத்தான் அனுப்ப வேண்டும்.
2. சர்வர், எல்லாம் சேர்ந்தே நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து, முதல் வேலையாக அந்த எண்ணைத் தனி டேபிளில் எழுதட்டும். அந்த நெடுவரிசையில் (column) ஒரே எண் இரண்டு தடவை வர விடாத யூனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். எழுத முடியாவிட்டால் ஏற்கெனவே வந்த கோரிக்கை. பழைய முடிவையே திருப்பி அனுப்பிவிட்டு வெளியேறுங்கள்.
3. அந்த ஆளின் இன்வென்டரி (பை) வரிசையைப் பூட்டுங்கள்.
4. பொருள் இருக்கிறதா பார்த்து, கழித்து, புதியதைச் சேர்த்து, லாகில் (நடந்ததைக் குறிக்கும் பதிவேட்டில்) ஒரு வரி எழுதுங்கள்.
5. எல்லாம் முடிந்தபின் ஒரே கமிட் (நிலையாகப் பதிவது).

பெரும்பாலும் தப்பு நான்காவதில் நடக்கிறது. பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு டிரான்ஸாக்‌ஷனிலும் கழிப்பது இன்னொன்றிலும் இருந்தால், நடுவே டிரேட் ஜன்னல் வழியாக அதே கோரை கைமாறிவிடும். ஒரே கணக்கில் போனிலும் கம்ப்யூட்டரிலும் உள்ளே வருகிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். அடையாள எண்களை 24 மணி நேரம் வைத்திருந்தால் போதும்.

லுவாண்டி என்ற இலவச கேம் எஞ்சினில் (2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர்) சர்வர் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிளேயர் பை ஒரு கோப்பிலும் உலகத்தில் வைத்த பெட்டி வேறொரு கோப்பிலும் சேமிக்கப்படுகின்றன. இரண்டும் சேமிக்கப்படும் நேரங்களுக்கு நடுவே சர்வர் விழுந்தால், பெட்டியில் போட்ட பொருள் பையிலும் இருக்கும், பெட்டியிலும் இருக்கும். விலையுயர்ந்த பொருளுக்கு மட்டுமாவது தனி எண் கொடுத்து, ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று தினமும் ஒரு தடவை தேடுங்கள்.

வீட்டிலேயே சர்வர் இருக்கிறது. ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. டேட்டா கெடுமா?

எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸில் வால் முறை (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதுவது), சிங்க்ரனஸ் நார்மல் என்று வைத்திருந்தால் கரண்ட் போனாலும் டேட்டாபேஸ் கெடாது. கடைசிச் சில கமிட்கள் மட்டும் போகலாம். சிங்க்ரனஸ் ஃபுல் என்றால் அவையும் நிற்கும், எழுதும் வேகம் குறையும். மூலப்பொருளும் செய்த பொருளும் ஒரே கமிட்டில் இருந்தால் போவது இரண்டும் சேர்ந்தே போகும், யாருக்கும் லாபமில்லை. ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

நேரமெடுக்கும் வேலைகளை நொடிக்கொரு தடவை சரிபார்க்கிறோம். சர்வர் லேக் ஆகிறது.

நொடிக்கொரு தடவை பார்க்கவே வேண்டாம். வேலை தொடங்கும்போதே முடியும் நேரத்தை எழுதிவையுங்கள். யாராவது அடுப்பைத் திறக்கும்போது இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டால் போதும். வரிசையில் ஐந்து வேலை என்றால், அடுத்த வேலையின் தொடக்கம் முந்தியதன் முடிவு. ஆள் ஆஃப்லைனில் இருந்தாலும் கணக்கு தானாகச் சரியாக வரும்.

நேரம் எப்போதும் சர்வரின் யூடிசி (உலகப் பொது) நேரம். போன் கடிகாரத்தை நம்பினால் தேதியை நாளைக்கு மாற்றிவைத்துக் கருப்பட்டி எடுத்துக்கொள்வார்கள்.

லுவாண்டியில் அடுப்புக்கு நோட் டைமர் (உலகில் வைத்த ஒரு கட்டைக்கான கடிகாரம்) வைப்பார்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது அந்தப் பகுதி நினைவகத்திலிருந்து இறங்கிவிடும், டைமரும் ஓடாது. திரும்ப ஏறும்போது கடந்துபோன நேரம் முழுவதும் ஒரே எண்ணாக வந்து சேரும். நிரல் (code) ஒரு தடவைக்கு ஒரு பொருள் மட்டும் சமைத்தால் ராத்திரி முழுக்க எரிந்த அடுப்பில் காலையில் ஒரு கருப்பட்டிதான் இருக்கும். கடந்த நேரம் தீரும்வரை சுற்றிச் சுற்றி, விறகையும் பதநீரையும் ஒவ்வொரு சுற்றிலும் கழிக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரம் எவ்வளவு வைக்கலாம்?

அன்றாடப் பொருளுக்கு 5 நொடிக்குள். பெரிய வேலைக்கு மணிக்கணக்கில் வைக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் ஆள் வேறு எங்கும் போகவும் எதுவும் செய்யவும் முடிய வேண்டும். திரையில் நகரும் முன்னேற்றப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நிற்க வைக்காதீர்கள். 10, 50, முழுவதும் என்று மொத்தமாகச் செய்ய பொத்தான் கட்டாயம்.

ரிசர்ச் மரத்தில் திறக்க 60 முனைகள். எல்லாமே 2 சதவீத வேகம், 3 சதவீதச் சேமிப்பு. யாருக்கும் ஆர்வமில்லை.

இருக்காது. ரிசர்ச் முடிந்த அடுத்த நிமிடம் பிளேயர் நேற்று செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். 2 சதவீதம் கூடியது கண்ணுக்கே தெரியாது. 60-ஐ 20 ஆக்குங்கள். அந்த 20-இல் 15 புது வழிகளாக இருக்கட்டும்.

பாய்க்கே ஒரு கிளை போடலாம். முதல் முனை ஆற்று ஊறல்: கோரையைத் தொட்டியில் போடாமல் ஓடும் தண்ணீரில் போட்டால் தரம் ஒரு படி கூடும், ஆனால் ஆற்றங்கரையில் இடம் பிடிக்க வேண்டும், அங்கே போட்டதை யாரும் எடுத்துப் போகலாம். இரண்டாவது சப்பங்கட்டைச் சாயம்: சிவப்பு கிடைக்கும், மரத்துக்கு மலைப் பக்கம் போக வேண்டும் அல்லது மலைக்காரர்களோடு பண்டமாற்று. மூன்றாவது பெயர் நெய்தல். பத்தமடையில் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பது உண்டு. கேமில் இரண்டு பிளேயர் பெயர்களை நெய்த பாய் அந்த இருவருக்கு மட்டுமே உரியது. விற்க முடியாது, கல்யாண நிகழ்வில் செலவாகிவிடும். ஒரே ஒரு முனை ஒரு நெசவாளிக்குத் தொடர்ந்து வாடிக்கையாளர்களைக் கொண்டுவருகிறது பாருங்கள்.

மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டியதில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் எதிரெதிராக வைத்து, முதல் மாதம் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் சாயக்காரரும் பெயர் நெய்பவரும் ஒருவரையொருவர் தேடிப் போவார்கள். தேர்வை மாற்ற ஒரு வழி வையுங்கள், சும்மா கிடைக்கக் கூடாது. செலவழித்த புள்ளியில் கால்பங்கு போகட்டும்.

சதவீதம் முழுக்கத் தப்பென்று சொல்லவில்லை. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் ஒரு பொருளின் தயாரிப்பு வரைபடத்துக்கான (blueprint) மூலப்பொருள் சேமிப்பை 1 சதவீதமாகப் பத்துப் படி உயர்த்தலாம். ஒவ்வொரு படியும் முந்தியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தின்னும். லட்சக்கணக்கில் பொருள் செய்யும் வியாபாரிக்கு அந்த ஒரு சதவீதம் பெரிய பணம். 50 பேர் சர்வரில் அப்படிப்பட்ட வியாபாரி இரண்டு பேர் இருந்தால் அதிகம். சதவீத முனைகளை மரத்தின் நுனியில், அவர்களுக்காக வையுங்கள்.

தள்ளுபடிகள் பலதையும் சேர்த்ததும் ஒரு பொருள் இலவசமாகிவிட்டது. ஏன்?

கூட்டியிருக்கிறீர்கள். 25 சதவீதத் தள்ளுபடி நான்கைக் கூட்டினால் 100, செலவு பூஜ்யம். பெருக்க வேண்டும்: 0.75-ஐ நான்கு தடவை பெருக்கினால் 0.316, ஆக 31.6 சதவீதச் செலவு நிற்கும். புது முனை எத்தனை சேர்த்தாலும் பூஜ்யத்தைத் தொடாது.

அடுத்தது முழு எண்ணாக்குவது. கீழே இறக்கினால், 1 சாயம் கேட்கும் ரெசிபியில் 10 சதவீதத் தள்ளுபடி 0.9, அது 0 ஆகிவிடும். மேலே ஏற்றினால், 3 கோரை கேட்கும் ரெசிபியில் 2.7 மறுபடி 3 ஆகி, ரிசர்ச் செய்தவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே முழுத் தொகுதிக்கும் சேர்த்துக் கணக்கிட்டுக் கடைசியில் மேலே ஏற்றுங்கள்: 10 பாய்க்கு 27 கோரை. ஒரு பொருளுக்குக் குறைந்தது 1 என்ற எல்லையும் இருக்கட்டும். ஈவ் ஆன்லைனும் இப்படித்தான் செய்கிறது.

மூன்றாவது ஓட்டைதான் ஆபத்தானது. பொருளை உடைத்து மூலப்பொருளைத் திரும்ப எடுக்கும் வசதி இருக்கிறதா? அடிப்படைச் செலவு 100, அதிகபட்சத் தள்ளுபடி 30, உடைத்தால் 75 திரும்பும் என்று வையுங்கள். 70 போட்டு 75 எடுக்கலாம். தானாகப் பொத்தானை அமுக்கும் ஒரு ஆட்டோ கிளிக்கர் போதும், விடிவதற்குள் கிடங்கு நிறைந்துவிடும். திரும்புவதை 65 ஆக்கினால் சரியா? செய்யும்போது 10 சதவீத வாய்ப்பில் இரட்டிப்பாகக் கிடைக்கும் முனை எங்காவது இருந்தால் சரியில்லை: சராசரியாக 1.1 பொருள் கிடைக்கும், 1.1 பெருக்கல் 65 என்றால் 71.5, மறுபடி லாபம். 60 என்றால் 66, அப்போதுதான் பாதுகாப்பு. புது முனை சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கை எல்லா ரெசிபிக்கும் போட்டுப் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவைத்துவிடுங்கள்.

ரிசர்ச் செலவை எப்படி ஏற்றுவது?

முதல் படி 100 புள்ளி, மொத்தம் பத்துப் படி என்று வைத்துக்கொள்வோம். படிக்கு 1.5 மடங்கு ஏறினால் மொத்தம் 11,333. கடைசிப் படி மட்டும் 3,844. படிக்கு 2 மடங்கு என்றால் மொத்தம் 1,02,300. கடைசிப் படியே அதில் பாதி. தினம் 150 புள்ளி சம்பாதிப்பவருக்கு முதலாவது 76 நாள், இரண்டாவது 682 நாள். சின்ன சர்வர்கள் பெரும்பாலும் அவ்வளவு நாள் உயிரோடு இருப்பதில்லை. 1.4 முதல் 1.6-க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசர்ச் கில்டுக்கா (பிளேயர்கள் சேர்ந்த குழு), தனி ஆளுக்கா? புதிதாக வருகிறவர்கள் எட்டிப்பிடிக்கவே முடியவில்லை.

வழிமுறை கில்டுக்கு, கைப்பழக்கம் ஆளுக்கு. சப்பங்கட்டைச் சாயம் என்ற ரெசிபி கில்டு திறந்தது. அதைப் பிசகாமல் செய்யும் திறமை அவரவர் கையில். கில்டை விட்டுப் போனால் ரெசிபி போகும், திறமை கூடவே வரும். உள்ளே வந்த முதல் 72 மணி நேரத்துக்குக் கில்டு ரெசிபிகள் திறக்காமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் பொழுதுக்கு ஒரு கில்டில் நுழைந்து தேவையானதைச் செய்துகொண்டு வெளியேறுவார்கள்.

எட்டிப்பிடிக்க: ஒரு முனையை ஏற்கெனவே எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ அதற்கேற்ப விலை குறையட்டும். விலை = அடிப்படை × (1 − 0.6 × அறிந்தோர் பங்கு). 80 சதவீதம் பேர் அறிந்த முனை 52 சதவீத விலைக்கு வந்துவிடும். பங்கைக் கணக்கிடும்போது கடந்த 14 நாளில் உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். என்றோ போனவர்களின் கணக்குகளையும் சேர்த்தால் பங்கு எப்போதும் குறைவாகவே வரும், சலுகை வேலையே செய்யாது.

பருவகாலம் வைக்கலாமா?

வைக்கலாம். இந்தப் பக்கத்தில் ஆயத்தமாகவே இருக்கிறது: ஜூனில் தொடங்கும் கார், அக்டோபரில் தொடங்கும் பிசானம். கேமில் ஒரு பருவம் நிஜத்தில் 7 நாள் என்றால், வாரக்கடைசியில் மட்டும் ஆடுகிறவருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வாய்ப்பு உண்டு. 7 நாளுக்கும் கீழே குறைத்தால் சனி ஞாயிறு ஆடும் பிள்ளைகள் சில பருவங்களைப் பார்க்கவே மாட்டார்கள். கருப்பட்டி ஈரக்காற்றில் இளகுவதைப் போலச் சில பொருள்கள் மழைப் பருவத்தில் தரம் இறங்கட்டும். இந்தக் கணக்கைப் பொருளுக்குப் பொருள் ஓட்டாதீர்கள். வைத்திருக்கும் பெட்டியின் மேல் ஒரு தேதி எழுதி, திறக்கும்போது கணக்கிடுங்கள்.

எல்லோரிடமும் எல்லாம் குவிந்துகிடக்கிறது. சந்தையில் வாங்க ஆளில்லை.

பொருள் அழியவில்லை. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன், உலகில் மொத்தப் பொருள் இவ்வளவுதான், செலவானது மட்டுமே திரும்ப முளைக்கும் என்று தொடங்கியது. பிளேயர்கள் எதையும் செலவழிக்காமல் பதுக்கினார்கள், உலகில் முளைக்க ஒன்றும் மிஞ்சவில்லை, முறையை மாற்றவேண்டி வந்தது. உருவாவது எவ்வளவு, அழிவது எவ்வளவு என்று பொருள் பொருளாக தினமும் ஒரு வரி பதிவு செய்யுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே பொருள் தேங்கினால் அதற்கு ஒரு செலவு வழி தேவை.

எளிய வழி தேய்மானம். பழுது பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அதிகபட்ச உறுதி குறையட்டும். 100-இல் தொடங்கி, மீதியில் 10 சதவீதம் என்று குறைத்தால் பத்துப் பழுதுக்குப் பிறகும் 35 நிற்கும், பொருள் சாகவே சாகாது. நேராக 10 புள்ளி கழியுங்கள். பத்தாவது பழுதோடு கதை முடியும், புதிது வாங்கியாக வேண்டும்.

ஓடும் சர்வரில் ரெசிபியை மாற்றுவது எப்படி?

ஒவ்வொரு ரெசிபிக்கும் பதிப்பு எண் வையுங்கள். அடுப்பில் ஏற்கெனவே ஏறியது பழைய பதிப்பின்படியே முடியட்டும். செலவை ஏற்றப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சொன்ன ராத்திரியே எல்லோரும் ஆயிரக்கணக்கில் செய்து பதுக்குவார்கள்; இறக்கப்போகிறீர்கள் என்றால் மூன்று நாள் முன்னால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேற்று செய்தவர் சண்டைக்கு வருவார். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி, இந்த இரண்டிலும் எதையும் தொடாதீர்கள். பக் வந்தால் திருத்த ஆளிருக்காது, ஆட மட்டும் எல்லோரும் இருப்பார்கள்.

போன் திரையில் ரெசிபிப் பட்டியலைத் தமிழில் காட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இல்லாத பொருளைச் சிவப்பில் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். தொட்டால் அது எங்கே கிடைக்கும், எந்த ரெசிபியில் வரும் என்று திறக்க வேண்டும். "ஊறவைத்துக் கிழித்த கோரை" மாதிரிப் பெயர்கள் பொத்தானில் அடங்காது. அகலத்தை நிலையாக வைக்காமல் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்.

எழுத்து எண்ணிக்கையில் பலர் இடறுகிறார்கள். "திருநெல்வேலி" என்பது ஆறு எழுத்து. யூனிகோடில் 12 குறியீடுகள், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 36 பைட்டுகள். பிளேயர் பெயருக்கு 20 பைட் எல்லை வைத்த சர்வரில் தமிழ்ப் பெயர் மூன்று எழுத்தைத் தாண்டுவதே கஷ்டம். பெயர் நெய்த பாயில் பாதிப் பெயரும் ஒரு கட்டமும் வரும். எல்லையை, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்து எண்ணுங்கள், வெட்டும்போதும் எழுத்துக்கு நடுவே வெட்டாதீர்கள்.

தேடல் பெட்டியிலும் இதே தொல்லை உண்டு. "கொ" என்பதைச் சில கீபோர்டுகள் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகத் தரும். சிலவற்றில் எகரக் குறியும் காலும் தனித்தனியாக வரும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் என்எஃப்சி (NFC, ஒரே எழுத்தை எப்போதும் ஒரே குறியீட்டில் எழுதும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் "பொட்டலம்" என்று தேடியவருக்குப் பொட்டலம் கிடைக்கும்.